விடுவிக்காத தொகை

வரவேற்பு மேசையில் நிற்பவனுக்கு முதலில் வலிப்பது கால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கன்னம்தான் ஐயா. நாள் முழுக்கச் சிரித்த முகமாக நிற்க வேண்டும் இல்லையா. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தால், முகம் அதுபாட்டுக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க வீட்டில் வேறு யாரும் கிடையாது என்பதால் பரவாயில்லை.

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. நிதானமாகவே சொல்கிறேன். மறைக்கும் உத்தேசம் எனக்கில்லை. என்னோடு மேசையில் நிற்கும் பெண் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் பொய் இருக்காது. எதிரே யார் இருந்தாலும் திருத்திக்கொண்டே இருப்பார் என்பதால் ஓட்டலில் அவருக்கு டீச்சர் என்று பெயர். ஆனால் டெலிபோனில் ஒரு பக்கப் பேச்சைத்தான் அவர் கேட்டார். மறுபக்கம் என்ன பேசினார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஓட்டல் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப்பேர் நோயாளிகள், மீதிப்பேர் அவர்களோடு வந்தவர்கள். பெட்டிக்கு முன்னால் எக்ஸ்ரே உறை உள்ளே வரும். வீட்டுத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். அறை கொடுக்கும்போது நாங்கள் கிரெடிட் கார்டை வாங்கி, டெபாசிட்டாக ஒரு தொகையைப் பிடித்து வைப்போம். நாங்கள் அதை எடுத்துக்கொள்வதில்லை. பணம் வங்கியிலேயே இருக்கும், ஆனால் கார்டுக்குச் சொந்தக்காரரால் தொட முடியாது. அறையைக் காலி செய்யும்போது விட்டுவிடுவோம். நாங்கள் விட்டாலும் சில வங்கிகள் கணக்கில் காட்ட நாளாகும். அந்தத் தாமதம் யாரால் என்று வந்தவர்களுக்குப் புரியாது. எங்களைக் கேட்டால் வங்கியைக் கைகாட்டுவோம், வங்கியைக் கேட்டால் அவர்கள் எங்களைக் கைகாட்டுவார்கள். எத்தனையோ பேர் இந்த மேசையில் கத்தியிருக்கிறார்கள். நான் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

அந்த அம்மா தன் தம்பியோடு ஒரு மதிய வேளையில் வந்தார். தம்பிக்கு இருபதுகளில் வயது. இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, ஆபரேஷனுக்காக வந்திருந்தான். வாசல் படி ஏறியதற்கே சோபாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

“இருக்கறது இந்த ஒரே கார்டுதான் சார்,” என்றார் அவர். “ஆஸ்பத்திரிக்கும் இதுலதான் கட்டணும். பாத்துப் போடுங்க.”

“கவலப்படாதீங்க மேடம். கெளம்பறப்ப விட்டுடுவோம்.”

“மேடம்னு கூப்பிடாதீங்க. எனக்குப் பின்னாடி வேற யாரோ நிக்கற மாதிரி இருக்கு.”

தம்பி சோபாவில் இருந்தபடியே சொன்னான்: “அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுது சார். மேடம்னா புரியாது, ரெண்டு ஹார்ன் அடிங்க, திரும்பிப் பாக்கும்.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். இதை நீங்கள் சாதாரணமாக நினைக்கலாம். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை ஐயா. சாவியைப் பார்ப்பார்கள், லிஃப்ட் எங்கே என்று பார்ப்பார்கள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, “நீங்க சாப்டீங்களா? மணி என்ன ஆகுது,” என்று கேட்டார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரை மேடம் என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

பரிசோதனைகள் நடந்தன. போகும்போதும் வரும்போதும் மேசைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். டாக்டர் என்ன சொன்னார், இரத்தம் எடுத்த நர்ஸ் எவ்வளவு சிடுசிடுப்பு, வேனில் வரும் ஒரு வாண்டு தினமும் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு இறங்குவது, எல்லாம் சொல்வார். அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்ததே இவர்தான். தனக்கென்று எதுவும் செய்துகொள்ளவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வண்டி எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பது போலச் சொன்னார்.

பிறகு ஒரு மாலை, முகமெல்லாம் மலர்ந்து வந்தார்.

“நாளைக்கே அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்க சார். காலைல பணம் கட்டணும். நானும் அங்கயே தம்பிகூடத் தங்கிக்கலாமாம். ரூமக் காலி பண்ணிடறோம். அந்த டெபாசிட்ட மட்டும் இன்னைக்கே விட்டுடுங்க.”

“இப்பவே விட்டுடறேன்,” என்றேன்.

கார்டை மறுபடி கேட்க வேண்டிய அவசியமில்லை. விவரம் எங்களிடம் இருக்கும். கணினித் திரையை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்தான் செய்தேன். பழைய தொகையை விடாமல், அதன்மேல் இன்னொரு தொகையைப் பிடித்தேன். கார்டில் மிச்சமிருந்தது ஏறக்குறைய முழுதும் அடங்கிவிட்டது. அவருடைய செல்போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தார்.

“என்னமோ இங்கிலீஷ்ல மெசேஜ் வந்திருக்கு சார்.”

“விடும்போது அப்படித்தான் வரும்,” என்றேன்.

நம்பினார். நன்றி சொல்லிவிட்டு மேலே போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் இடத்தில், கார்டில் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கையில் பையும் ஒரு கையில் தம்பியுமாகச் சாலையைக் கடந்து திரும்பி வந்தார். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அவர்கள் கிளம்பியபோதே அறையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் கண் முன்னாலேயே வங்கிக்கு டெலிபோன் செய்தேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கீழே பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தேன். மறுமுனையில் யாரும் இல்லை. “ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் சார், கொஞ்சம் மனுஷத்தன்மையோட பாருங்க,” என்று அந்த வெறும் ரிசீவரில் சொன்னேன். அதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது. நான் நடித்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக்கூடாது.

அவர்களுக்கு ஒதுக்கிய ஆபரேஷன் நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்து இடம் கிடைக்கும் வரை அலையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தம்பி எங்கள் ஓட்டலிலேயே படுத்திருந்தான். லிஃப்டுக்குப் பக்கத்தில் வசதியான அறையாக மாற்றிக் கொடுத்தேன். சமையலறையில் சொல்லி உப்புக் குறைவாகக் கஞ்சி வைக்கச் சொன்னேன். வாடகையில்கூடக் கழித்தேன். அந்த நாட்களில் அவர் அடிக்கடி கீழே வந்து மேசைக்கு எதிர் சோபாவில் உட்காருவார். “உங்களுக்கு எங்களால எவ்வளவு சிரமம்,” என்பார். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகவே மனம் வராது.

வங்கியில் ஓட்டலைக் கேள் என்றார்கள். ஓட்டலில் நான் இருந்தேன். அவர் இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார்.

தம்பிதான் முதலில் யோசித்தான். கஞ்சியோடு நான் அறைக்குப் போன ஒரு நாள், அவர் துணி காயப்போடப் பால்கனியில் இருந்தார். அவன் தலையணைகளில் சாய்ந்தபடி, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. பேங்க்ல போனா ஓட்டல்தான் விடணுங்கறான். நீங்க பேங்க்தான் விடணுங்கறீங்க. அப்போ யாரோ ஒருத்தர் எங்க அக்காகிட்ட பொய் சொல்றாங்க இல்ல?”

“பேங்க்காரனுங்க அப்படித்தான் தம்பி. கைகழுவி விடுவானுங்க.”

“ஆமா சார்,” என்று சிரித்தான். சிரித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீங்க அக்காவப் பாக்கறப்ப சிரிக்கற சிரிப்பு வேற, மத்தவங்களப் பாத்துச் சிரிக்கறது வேற. நான் சோபால உக்காந்து பாத்திருக்கேன்.”

கெட்டிக்காரன். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்த அறைக்கு நான் போகவில்லை, ஆளை அனுப்பினேன்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

அவருடைய வேன் முதலாளி பணம் தர ஒத்துக்கொண்டுவிட்டார். வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினால் போதும். ஆஸ்பத்திரியில் இடமும் கிடைத்துவிட்டது, மாலையே சேரலாம் என்றார்கள். மதியம் கிளம்பும்போது என்னிடம் வந்தார். “தம்பி தூங்கறான். கொஞ்சம் பாத்துக்குங்க சார். உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்.” பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து மேசைக்கு டெலிபோன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“சார்... மூச்சு விட முடியல. அக்கா வந்துட்டாங்களா?”

“வந்துட்டே இருக்காங்க. அசையாமப் படுத்திருங்க தம்பி.”

“டாக்டரக் கூப்பிடுங்க சார்.”

“கூப்பிட்டாச்சு.”

கூப்பிடவில்லை. டீச்சர் பக்கத்தில் இருந்தார். “என்னாச்சு? எதிர்ல போய் ஆளக் கூட்டிட்டு வரட்டா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல, வாயுத் தொல்லையாம்,” என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. படுக்கை விரிப்புகள் சலவையிலிருந்து வந்திருக்கின்றன, சரிபார்த்து வாருங்கள் என்று பின்கட்டுக்கு அனுப்பினேன். நான் அவருக்கு மேலதிகாரி, போய்த்தான் ஆக வேண்டும். உங்களிடம் அழுதாராமே. அவர்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அவன் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. பிறகு மெதுவாக என் பக்கத்து ரிசீவரை வைத்தேன். மறுபடி மணி அடித்தது. மணியின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவுக்கு நேராக ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு தெரியும். அன்று அங்கே கூட்டம் இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற இரண்டு பேர் வாசலில் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே சாய்ந்து நின்றார். கையைத் தட்டினால் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை ஐயா. அன்று சாயங்காலம் அவர்கள் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டால் அவரும் பின்னால் ஓடுவார். பெட்டியை எடுக்க ஒருமுறை வருவார், அதுவும் அவசரமாக. அதன் பிறகு இந்தக் கதவு வழியாக அவர் வர ஒரு காரணமும் இருக்காது.

அவர் திரும்பி வந்தார். கையில் பை, முகத்தில் வெயில், ஆனால் சிரிப்பு.

“பணம் கெடச்சிருச்சு சார். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.”

“ரொம்ப சந்தோஷம். ஒக்காருங்க. வேர்த்துக் கொட்டுது பாருங்க, ஒரு டீ குடிச்சிட்டு மேல போங்க.”

“தம்பி எழுந்துட்டானா?”

“நல்லாத் தூங்கறாரு. இப்பதான் பாத்துட்டு வந்தேன்.”

உட்கார்ந்தார். டீ வரவழைத்தேன். ஆபரேஷன் முடிந்து தம்பி தேறியதும் அவனுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்றார். அந்த வாண்டின் ஒற்றைச் செருப்புகளே வேனில் ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டன என்று சொல்லிச் சிரித்தார். அவசரப்படாமல், முழுதாகக் குடித்து முடித்தார். அந்த நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். எனக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் அத்தனை நிம்மதியாக டீ குடித்து நான் பார்த்ததில்லை.

பிறகு மேலே போனார்.

சத்தம் கேட்டதும் முதலில் ஓடியவன் நான்தான். அவன் பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாக இருந்தான். ரிசீவர் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரி ஆட்களை நான்தான் கூப்பிட்டு வந்தேன். வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்தார்கள். அவர் காதில் விழாமல் அவர்களை வெளியே அழைத்துப் போனேன். எல்லாக் காரியமும் நானே பார்த்தேன். வண்டி பிடித்தேன், ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினேன். கார்டில் பிடித்திருந்தது அத்தனையையும் அன்றே விட்டுவிட்டேன், எங்கள் பக்கமிருந்து ஒரு காசுகூட எடுக்கவில்லை. வண்டியில் அவர் என் தோளில் சாய்ந்துகொண்டு, “நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்,” என்று அழுதார். அவரே சொன்ன வார்த்தை அது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், நான்தான். பணத்தைப் பிடித்து வைத்தவன் நான், டாக்டரைக் கூப்பிட்டாச்சு என்று அவனிடம் பொய் சொன்னவன் நான், அவன் மூச்சு அடங்கும் வரை அவன் அக்காவைக் கீழே உட்கார வைத்து டீ கொடுத்தவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவருக்கு இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். உங்கள் ஆட்களை அனுப்ப வேண்டாம் ஐயா. பட்டென்று போட்டு உடைத்துவிடுவார்கள், அவரால் தாங்க முடியாது. நானே பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்கிறேன். கேட்டதும் உடைந்துபோவார், அப்போது பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இந்த ஊரில் அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?