வலப்பக்கத்துப் படுக்கை

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் மேடம். கருப்பட்டி போட்டது என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் உடன்குடிக் கருப்பட்டிதான், சீனிப் பாகு கலக்காதது. நானே எழுதித் தருகிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். பேசச் சொன்னால் எனக்கு நாக்கு தடுமாறும். எழுதுவதில் அந்தச் சிரமம் இல்லை.

வாகன ஆய்வாளரின் அறிக்கையையும் எஃப்.ஐ.ஆரையும் வாசித்துக் காட்டினீர்கள். இரண்டிலும் ஒவ்வொரு தப்பு இருக்கிறது. முன்சக்கரத்து நட்டுகளைப் பட்டறைக்காரர் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார், கவனக்குறைவு என்று ஆய்வாளர் எழுதியிருக்கிறார். நான் இந்தத் தூத்துக்குடியில் லாரிகளுக்குக் கூடு, அதாவது பாடி, கட்டத் தொடங்கி முப்பது வருஷம் ஆகப்போகிறது. ஹார்பருக்குப் போய்வருகிற லாரி டிரைவர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்தச் சிவனாண்டி பட்டறையிலிருந்து இறுக்காத நட்டோடு ஒரு வண்டி வெளியே வந்தது என்று ஒருத்தன் சொல்லமாட்டான். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் இன்றைக்கே ஜாமீனில் போய்விடலாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். அந்தச் சொல்லுக்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. இரண்டாவது தப்பைப் பிறகு சொல்கிறேன்.

வண்டி என் தம்பி செந்தூர்வேலுடையது. அவனுக்கும் எனக்கும் பதினேழு வயது வித்தியாசம். அப்பா பம்பாய்க்குக் கடை வைக்கப் போனவர். எங்கள் பக்கத்து ஆட்கள் எங்கே போய்க் கடை வைத்தாலும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர் எந்தக் கொடைக்கும் வரவில்லை. அம்மா செத்தபோது இவன் பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். அப்போது நான் இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு இருந்தேன். கூடு கட்ட வந்து நிற்கும் லாரிகளின் கேபினில்தான் இரண்டு பேரும் படுப்போம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் அவன், முன்சீட்டில் நான். பிறகு எனக்குப் பெண் பார்த்தார்கள். வருகிறவள் இவனை எப்படிப் பார்ப்பாளோ என்று வேண்டாம் என்றுவிட்டேன். இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லிக்காட்டியது கிடையாது. ஒன்றிரண்டு தடவை சொல்லியிருப்பேன்.

படித்தான், சாகுபுரம் கெமிக்கல் கம்பெனிக்கு வேலைக்குப் போனான், சொந்தச் சம்பாத்தியம் வந்தது. அப்புறம் மணப்பாடு கடற்கரையில் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டான். பெரிய பட்டத்தை இடுப்போடு கட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு கடல்மேல் சறுக்குவது. கைட் சர்ஃபிங் என்பான். காற்று தூக்கினால் பனை உயரத்துக்குப் போய்த் திரும்பி வருவான். ஒரு தடவைதான் போய்ப் பார்த்தேன். அவன் மேலே போனதும் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. வேலையை விட்டுவிட்டு அதையே சொல்லிக்கொடுக்கிறேன் என்றபோதும் நான் தடுக்கவில்லை.

போன வருஷம் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். மஞ்சள் பெயிண்டுகூடப் போகவில்லை.

"அண்ணே, இதுக்குள்ளயே படுக்கணும், சமைக்கணும், குளிக்கணும். போர்டு, கைட்டு எல்லாத்தையும் மேல கெட்டிக்கிடணும். எங்கன காத்து அடிக்கோ அங்கன போய்க்கிட்டே இருக்கணும். செஞ்சு தருவியளா?"

"எத்தன பேருக்குலே?"

"ரெண்டு பேருக்குண்ணே."

இரண்டாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மேடம், என் ஆயுசில் அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் வேலை செய்ததில்லை. வந்த லாரி வேலைகளைப் பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிவிட்டேன். சீட்டுகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, வெயில் இறங்காமல் இருக்கக் கூரைக்கு உள்ளே தெர்மோகோல் வைத்து, அதன்மேல் பிளைவுட் அடித்தேன். உப்புத்தண்ணீரைக் கழுவிக் குளிக்கப் பின்கதவில் ஒரு பைப். கதவோரம் இழுத்தால் வெளியே வருகிற அடுப்புத் தட்டு. இரண்டு பக்கமும் படுக்கை. இடப்பக்கத்தது அவன் உயரத்துக்கு. வலப்பக்கத்தது என் உயரத்துக்கு. நான் அவனைவிட நெட்டை என்பதால் அந்தப் பக்கம் தண்ணீர் டேங்கைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு எந்தெந்தக் கடற்கரைக்குப் போவோம், அவன் பட்டத்தோடு தண்ணீரில் இருக்கும்போது நான் கரையில் என்ன சமைப்பேன் என்பதெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பயத்தைப் பழகிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

படுக்கைக்கு மெத்தை போட்ட அன்று அவன் மெட்டில்டாவைக் கூட்டிவந்தான். மணப்பாட்டுப் பெண். அவனோடு சேர்ந்து பலகை ஏறுகிறவள். கறுத்து ஒல்லியாக, எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். நேராக உள்ளே ஏறி வலப்பக்கத்துப் படுக்கையில் மல்லாந்து படுத்தாள். அவள் காலுக்குக் கீழே ஒரு சாக்கு அரிசி வைக்கலாம்போல இடம் கிடந்தது.

"அண்ணாச்சி, எனக்கு எதுக்கு இவ்வளவு நீளம்? இதுல ரெண்டு மெட்டில்டா படுக்கலாமே" என்று சிரித்தாள்.

"அளவெடுக்காமலே போட்டுட்டாவ போலுக்கு" என்றான் தம்பி.

நானும் சிரித்தேன். குறைத்துவிடலாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஸ்பானர் எடுப்பதுபோல் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வேலை முடியவில்லை. முடிய விடவில்லை என்பதுதான் சரி. தண்ணீர் டேங்கின் மூட்டில் ஒழுக்கு வைத்தேன். அதை அடைக்கத் தரையைப் பிரித்தேன். பூசிய பெயிண்டைச் சுரண்டி மறுபடி பூசினேன். "ஏலே, காயணும்லா" என்பேன். அவனும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "அண்ணே, அரண்மன கட்டுத மாதிரில்லா கட்டுதிய, சீசன் முடிஞ்சிரும் போலுக்கே" என்று கேலி செய்தான். வலப்பக்கத்துப் படுக்கையை மட்டும் நான் குறைக்கவே இல்லை. அவர்களும் மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நானும் வாரேனேலே. ஒரு ஓரமா கெடக்கேன். சமைச்சுப் போடுதேன்."

அவன் என் தோளில் கை போட்டான். "பட்டறைய யாருண்ணே பாப்பா? நாங்க கல்யாணம் முடிச்சிட்டு கோவா பக்கமே தங்கிருவோம்னு நெனைக்கோம். ஒங்கள வந்து பாக்காமலா இருப்போம்? கொடைக்கு வாரோம்."

கொடைக்கு வாரோம் என்றான், மேடம். அம்மாவிடம் அப்பா கடைசியாகச் சொன்னதும் அதுதான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவன் சட்டையை மடித்து வைக்கிறேன், அவன் தட்டைக் கழுவுகிறேன், இதெல்லாம் இனி இருக்காது என்று ஒவ்வொன்றிலும் தோன்றியது. ஐம்பதை நெருங்குகிறவன் பிள்ளை மாதிரிக் குளியலறையில் நின்று அழுதேன்.

வண்டிக்குத் திருச்செந்தூரில் பூசை போட்டோம். அங்கிருந்து அப்படியே கிளம்புவதாக ஏற்பாடு. மணப்பாட்டில் பலகைகளை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரி, அப்புறம் மேற்குக் கடற்கரை. மாலை போட்டாயிற்று, சூடம் காட்டியாயிற்று. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறது வீட்டுக்குப் பெரியவர் வேலை. நான் பழங்களை வாங்கிக்கொண்டு குனிந்தேன்.

"இரு, தூரமா போறிய, நட்டையும் ஒரு தடவ பாத்திருதேன்" என்று வீல் ஸ்பானரைக் கேட்டேன். தம்பியே எடுத்துக் கொடுத்தான். சுற்றி நின்றவர்கள், அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இறுக்குகிறவனும் தளர்த்துகிறவனும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். நாலு சக்கரத்திலும் ஸ்பானரை வைத்தேன். மூன்றை இறுக்கினேன். முன்பக்கத்து இடது சக்கரத்தில் எல்லா நட்டையும் விரலால் சுழற்றுகிற பதத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு எழுந்தேன். மெட்டில்டா தன் கைக்குட்டையை நீட்டினாள்.

"வேர்க்குது, தொடச்சுக்கிடுங்க அத்தான்" என்றாள்.

புருஷனுடைய அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதுவரை அவள் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டிருந்தாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

இதை வாசித்ததும், நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் எண்ணம் என்றால் டீசல் பைப்பைக் கழற்றியிருக்கலாமே, ஏன் சக்கரம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். டீசல் பைப் என்றால் குலசேகரப்பட்டினத்திலேயே ஒரு மெக்கானிக் மாட்டிக் கொடுத்துவிடுவான். அவர்கள் போய்விடுவார்கள். ஒரு நாள் பிந்துவதால் எனக்கு என்ன பிரயோசனம்? அவன் மறுபடியும் கிளம்ப முடியாதபடி நிற்க வேண்டும். இடது சக்கரம் ஏன் என்று கேட்க உங்களுக்குத் தோன்றாது. ஓட்டுவது தம்பி, டிரைவர் உட்காருவது வலப்பக்கம்.

நான் பைக்கில் பின்னாலேயே போனேன். கூப்பிட்டால் உதவிக்கு இருக்க வேண்டும் அல்லவா? குலசேகரப்பட்டினம் தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் பனை நிற்கிற இடத்தில் சக்கரம் தனியாக உருண்டு போவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். வண்டி இரண்டு தடவை புரண்டு செம்மண்ணில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நான் கட்டிய கூடு பிரியவில்லை. வேறு எவன் கட்டியிருந்தாலும் தகடு கிழிந்து தம்பியையும் வெட்டியிருக்கும்.

இப்போது இரண்டாவது தப்பு. மெட்டில்டா வண்டி புரண்டதுமே சம்பவ இடத்தில் இறந்தாள் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறது. அப்படி இல்லை. உடைந்த முன்கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டபோது அவள் என் விரல்களைப் பிடித்தாள். நல்ல பிடி. அத்தான் என்றாள். நான் அந்தப் பிடியை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டுத் தம்பியை இழுத்தேன். ரோட்டில் போனவர்கள் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். "அந்தப் பிள்ள போயிட்டு, உயிரோட இருக்கவன மொதல்ல தூக்குங்க" என்றேன். தலைமுடி நரைத்த ஆள், கூடப்பிறந்த அண்ணன், அழுதுகொண்டே சொல்கிறேன். யார் நம்பமாட்டார்கள்? ஆட்டோவில் தம்பியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்கள். அவளை வெளியே எடுக்க அதற்குப் பிறகு வெகுநேரம் ஆகியிருக்கிறது.

தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நல்ல இடத்தில் வைத்துப் பயிற்சி கொடுத்தால் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வரலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மாதக்கணக்கில் அங்கேயே விட்டுவைக்க வேண்டுமாம். தெரியாத ஆட்கள் கையில் அவனை எப்படி விடுவது? வேண்டாம் என்றுவிட்டேன். கோர்ட்டில் மனுப் போட்டு வண்டியை எடுத்துவந்து, நசுங்கியதை நிமிர்த்தி, பட்டறைக்குள் நிறுத்தி, அவனை அதில் படுக்க வைத்திருக்கிறேன். எங்கள் வீடு மாடியில் இருக்கிறது, தூக்கிக்கொண்டு ஏற இறங்க முடியாது. வண்டியில் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவனுக்கு வேண்டியதெல்லாம் நான்தான் செய்கிறேன், சின்ன வயதில் செய்ததுபோல.

அவன் பேசுவது குறைவு. "கதவத் தெறங்கண்ணே, காத்து வரட்டும்" என்று மட்டும் அவ்வப்போது சொல்கிறான். கடற்காற்று அவன் உடம்புக்கு ஆகாது. கையை ஊன்றி இழுத்து இழுத்துக் கதவுவரைக்கும் ஒரு தடவை வந்துவிட்டான். விழுந்துவிட்டால் என்ன ஆவது? அதனால் உள்பக்கத்துத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். காலையில் இங்கே கிளம்பும்போது வெளியே பூட்டிவிட்டுத்தான் வந்தேன். கஞ்சி குடித்திருக்கிறான், ஃபேன் ஓடுகிறது, மத்தியானம் வரை தாங்கும். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. என்னை நீங்கள் எங்கே அனுப்பினாலும் அவனையும் அங்கேயே அனுப்பச் சொல்லி எழுதுங்கள். வேறு யாருக்கும் அவனைப் புரட்டிப் போடத் தெரியாது.

ராத்திரி நான் வலப்பக்கத்துப் படுக்கையில் படுக்கிறேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பான். நான் காலை நீட்டுவேன். எங்கும் இடிக்காது, இடமும் மிஞ்சாது. அளவெடுக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னார்களே, அளவெடுத்துத்தான் போட்டேன், மேடம்.