அட்டைக்குப் பதில் வாங்கி வைத்த போன்

பெயர் வைரவன், தகப்பனார் பெயர் முத்துக்கருப்பன், வயது 46. சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர். தற்போது துபாய் சோனாப்பூர் கேம்ப்பில் தங்கி, அல் கூஸில் உள்ள ஒரு மீன், இறைச்சிக் குளிர்பதனக் கிடங்கில் ஆறு வருடமாக வாயில் காவலராக வேலை செய்து வருகிறேன். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் போலீஸார் என்னை விசாரித்ததில் நான் சொல்வது பின்வருமாறு.

கிடங்குக்குள் வேலையாக வரும் வெளியாட்கள் தமது குடியிருப்பு அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, நெஞ்சில் குத்தும் பாஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அட்டையை மேஜை மேல் உள்ள தகர டப்பாவில் போடுவேன். திரும்பும்போது பாஸைத் தந்து அட்டையை வாங்கிக்கொள்வார்கள். டப்பா காலி என்றால் உள்ளே வெளியாள் இல்லை, பூட்டலாம். பதிவேடும் உண்டு. ஆனால் நாங்கள் யாரும் பதிவேட்டைப் பார்த்துப் பூட்டியதில்லை, டப்பாவைப் பார்த்துத்தான் பூட்டுவோம்.

இப்போது பலருக்கு அந்த அட்டையில் உள்ள குடியிருப்பு அனுமதி போனுக்குள்ளேயே வந்துவிட்டது. அதைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். டப்பாவில் எதைப் போடுவது என்று நிர்வாகியிடம் கேட்டேன். எதையாவது வாங்கி வை என்றார். எதையாவது என்றால் எதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு அபிலாஷ் என்ற ஏ.சி. மெக்கானிக், மீன் வைக்கும் அறையில் ஃபேன் மோட்டாரைப் பார்க்க வந்தார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், இருபத்தெட்டு வயதிருக்கும். அட்டை கேட்டேன். விசா புதுப்பித்து இன்னும் அட்டை கைக்கு வரவில்லை என்று போனைத் திறந்து காட்டினார். படம், பெயர், எண், முடியும் தேதி எல்லாம் சரியாக இருந்தன. பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு போனை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"அண்ணே, இத எப்பிடி வச்சிட்டுப் போவேன்? எனக்க வீட்டுக்காரி விளிச்சா எடுக்காண்டாமா?" என்றார்.

"அட்டை இல்லேல்ல தம்பி, அப்ப இதான் அட்டை. வேலைய முடிச்சுட்டு வந்து வாங்கிக்கங்க" என்றேன்.

மூன்று முறை கேட்டார், நான் மசியவில்லை. ரூல்ஸ் பேசுவதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பேட்டரி ஒன்பது சதவீதம் என்று காட்டியது. அதட்டி வாங்கியது மனதை உறுத்தியதால், போகும்போது நிறைய சார்ஜோடு கொடுக்கலாம் என்று என் சார்ஜரில் மாட்டி, பிளக் பக்கத்தில் இருக்கும் கீழ் டிராயரில் வைத்தேன். டப்பாவில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிடங்கு மூடப்படும், எனக்கும் டூட்டி மாறும். அடுத்த டூட்டிக்கு உஸைர் வந்தார். கேம்ப் பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கியபடி யல்லா யல்லா என்று கத்திக்கொண்டிருந்தார். நானும் உஸைரும் டப்பாவைத் திறந்து பார்த்தோம், காலி. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன். அதன் பிறகு உஸைர் விளக்குகளை அணைத்து ஷட்டரைப் பூட்டியிருக்கிறார்.

ரூமுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, ஒன்று இருபதுக்கு என் போனுக்குச் சார்ஜ் போடப் பையைத் துழாவினேன். சார்ஜர் இல்லை. எங்கே விட்டேன் என்று யோசித்தபோதுதான் அதில் யாருடைய போன் மாட்டியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. உடனே உஸைரைப் போனில் கூப்பிட்டு, மெக்கானிக் வெளியே வந்தாரா என்று கேட்டேன்.

"டப்பா காலிதானேண்ணே, எல்லாரும் போயாச்சு. டிராயர்ல ஒரு போனு அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு, ஒங்களுதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

"ஓடிப்போயி மீன் ரூமைத் தொறப்பா, உள்ள ஆளு இருக்கு" என்றேன்.

உஸைர் திறந்தபோது அபிலாஷ் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாராம். உள்ளிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி சும்மா சுற்றியதே தவிரப் பூட்டை விடுவிக்கவில்லை. அந்த அறை பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கதவு சாத்திக்கொண்ட பிறகு ஒன்றரை மணி நேரம் அதற்குள் மாட்டியிருந்திருக்கிறார். வலது கையில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன, தப்புமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. போனில் எடுக்காத அழைப்புகள் பதினொன்று, எல்லாம் அவர் மனைவி எப்சிபாவிடமிருந்து.

சனிக்கிழமை நிர்வாகி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மெக்கானிக் தனது அனுமதியைக் காட்ட மறுத்து, காவலரை மீறி உள்ளே நுழைந்தார் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் என் விசா சிக்கலில்லாமல் புதுப்பிக்கப்படும், இல்லாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார். என் விசா அடுத்த மாதம் முடிகிறது. ஊரில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் இங்கே ஒப்படைக்கிறேன்.

அபிலாஷ் யாரையும் மீறி நுழையவில்லை. அனுமதியைக் காட்டினார், நான் பார்த்தேன், பதிவேட்டில் அது என் கையெழுத்திலேயே இருக்கிறது. பார்த்த பிறகும் போனை வாங்கி வைத்தவன் நான். அது அவர் கையில் இருந்திருந்தால் கதவு சாத்திக்கொண்டதும் யாரையாவது கூப்பிட்டிருப்பார்.

மேலே கண்டதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் சொன்னதில் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எல்லாம் உண்மை. சொல்லச் சொல்லி என்னை யாரும் மிரட்டவில்லை. சொல்லாதே என்று மிரட்டியதை மேலே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)
மு. வைரவன்