பாண்டிச்சேரி ரோட்டில் மூன்று சைக்கிள்

— முன்னால பார்த்து ஓட்டு திரௌபதி. சக்கரத்தையே குனிஞ்சு பார்த்துக்கினு இருந்தா வண்டி பள்ளத்துக்குத்தான் போகும்.

— நானா போறேன் வேதா? இதுதான் போவுது. அறிவொளி இயக்கத்துல கத்துக்குடுத்தப்ப காலேஜ் மைதானத்துல நேராத்தான் போச்சு. ரோட்டுக்கு வந்ததும் இதுக்கு இன்னா வந்துச்சுன்னு தெரியல.

— மைதானத்துல லாரி வராது, இங்க வருது. வஜீதா எங்க?

— பின்னாலதான் வரேன் வேதாக்கா. கொஞ்சம் மெதுவா மிதிங்க. பொடவை செயின்ல மாட்டுது, ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கினு வரேன்.

— கையை விடாதே. இறங்கி இடுப்புல சொருகிக்கோ. நாங்க நிக்கறோம்.

— லாரிக்காரன் பாக்கற பார்வையைப் பாரு. மூணு பொம்பளைங்க சைக்கிள்ல போனா அவனுக்கு ரோடு கம்மியாயிடுமா?

— பாத்துட்டுப் போகட்டும் திரௌபதி. கரெக்டா எட்டு கிலோமீட்டர் வந்திருக்கோம். கல்லுல பார்த்தேன்.

— எட்டா? எனக்கு எண்பது மாதிரி இருக்குது. திரும்பிப் பாரு, அண்ணாமலை அப்படியே முதுகுக்குப் பின்னால நிக்குது. நாம நகர்ந்தோமா இல்லியா? அங்கன்வாடியில நாப்பது புள்ளைங்கள மேய்க்கறேன், அதுகூட இப்படி இடுப்பை ஒடிக்காது.

— இன்னிக்கு செஞ்சி. நம்ம அறிவொளி மதிவதனி டீச்சர் வீட்டுல தங்கல். நாளைக்குத் திண்டிவனம். நாளன்னிக்கு மத்தியானம் பாண்டிச்சேரி. நூறு கிலோமீட்டரை மூணாப் பிரிச்சா ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. என்ன, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறீங்க?

— ஒண்ணுமில்லக்கா. மூச்சு வாங்குது.

*

— கையைக் காட்டு வஜீதா. எலும்பு கிலும்பு பட்டுதா?

— சிராய்ப்புதான் வேதாக்கா. ஆடு குறுக்க வந்துச்சு. பிரேக்குன்னு நெனச்சு மணியை அடிச்சிட்டேன்.

— ஆடு ஒதுங்கிடுச்சே உன் மணிக்கு. நீதான் ஒதுங்கல.

— சிரிக்காதே திரௌபதி. தண்ணியை எடு.

— நீயும்தான் சிரிக்கற வேதா. உங்க அம்மா போனப்புறம் இப்பத்தான் உன் பல்லையே பாக்கறேன்.

— அப்படியா?

— ஆறு மாசம் ஆச்சு. கொழம்பு குடுத்தனுப்பினா பாத்திரம் கழுவித் திரும்பி வருது. நீ வர மாட்டேங்கற.

— வந்தா உங்க வீட்டுக்காரர் எழுந்து வெளியில போயிடறாரு. மரியாதைக்குத்தான். ஆனா அவர் வாசல்ல நிக்கறதைப் பாத்தா, நான் எப்ப கிளம்புவேன்னு நிக்கற மாதிரி இருக்கும்.

— உனக்கு எல்லாத்தையும் டைப் அடிச்சுப் பாக்கற புத்தி. அந்த மனுஷன் பீடி குடிக்கப் போறாரு.

— இருக்கலாம். சாயங்காலம் ஏழு மணிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டறேன். காலையில ஆறு மணிக்கு முதல் பேட்ச் பொண்ணு வந்து குட்மார்னிங் மிஸ்னு சொல்லும். அதுவரைக்கும் மனுஷக் குரல் எதுவும் காதுல விழாது. ஒருநாள் என் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு. அம்மா போட்டோவைப் பாத்து மணி எத்தனைன்னு சொன்னேன்.

— எங்ககிட்ட சொல்லவே இல்லியேக்கா.

— சொல்ற மாதிரி விஷயமா அது, வஜீதா? விடு. கட்டுப் போட்டாச்சு, ஏறு.

*

— கீழ்பெண்ணாத்தூர். மூணு டீ சொல்லிட்டேன். உக்காரு திரௌபதி.

— உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன் வேதா. நின்னுக்கினே குடிக்கறேன்.

— மணி ஒம்பது. சீக்கிரம் கிளம்பினா வெயில் ஏறறதுக்குள்ள மிச்சத்துல பாதி தூரம் போயிடலாம்.

— வேதாக்கா.

— சொல்லு வஜீதா.

— நீங்களே சொல்லுங்க திரௌபதிக்கா.

— நான் எதுக்கு? வழியெல்லாம் நான் சொல்றேன், நான் சொல்றேன்னு வந்தது நீதானே?

— சரி. நாங்க இங்கேந்து திரும்பறோம் வேதாக்கா. தெச்ச துணி குடுக்கப் போறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். ஒரு மணிக்கு சாப்பாட்டுக்கு வந்துடுவாரு.

— எங்க மாமியார் மத்தியானம் வரைக்கும்தான் புள்ளைங்களப் பாத்துக்கும். மூணு நாளுன்னா எங்க வீட்டுல விடுவாங்களா? நீயே சொல்லு வேதா.

— அப்ப பாண்டிச்சேரி?

— பாண்டிச்சேரி எப்பவுமே இல்ல. நீ தேதி குறிச்சு, மேப்பு வரைஞ்சு, எங்களுக்கும் சேத்து பம்பு வாங்கிக்கினு வந்து நின்ன. வரலைன்னு சொன்னா மறுபடியும் கதவைச் சாத்திக்கினு உள்ள போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. கொஞ்ச தூரம் போனா உனக்கே அலுத்துடும், மூணு பேருமா திரும்பிடலாம்னு நெனச்சோம்.

— கோவமாக்கா?

— இல்ல வஜீதா.

— அப்ப வா வேதா. மத்தியானம் எங்க வீட்டுலயே சாப்பிடு. அந்த மனுஷனை எங்கியும் போவ வேணாம்னு சொல்றேன்.

— நான் திரும்பலை திரௌபதி.

— தனியாவா? பாண்டிச்சேரியில உனக்கு யாரு இருக்கறாங்க?

— யாரும் இல்ல. வேலை இருக்கு. லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணுல வார்டன். திங்கக்கிழமை சேரணும். எங்க வீட்டை எங்கண்ணன் வாடகைக்கு விட்டுட்டான். இன்ஸ்டிட்யூட் சாவியையும் குடுத்தாச்சு. பெட்டி, படுக்கையெல்லாம் போன வாரமே பார்சல் லாரியில போயிடுச்சு.

— அப்ப இது ஊர் சுத்தப் போறது இல்லியாக்கா? நீங்க திருவண்ணாமலையை விட்டே போறீங்களா?

— ஆமா வஜீதா.

— அதைச் சொல்லிட்டு பஸ்ல போயிருக்கலாமே வேதா. மத்தியானத்துக்குள்ள போய்ச் சேந்திருப்ப. எங்களுக்கு ஓட்டவும் ஒழுங்காத் தெரியாது, எதுக்கு இந்தச் சைக்கிளு, இந்த அவஸ்தை?

— பஸ்னா ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னு கையாட்டிட்டுப் போயிருப்பீங்க திரௌபதி. சைக்கிள்னா மூணு மணி நேரமாவது கூட வருவீங்கன்னுதான்.