மீனைத் தாண்ட ஒரு கால்

— தூக்குக்கா! கட்டை விரலை உன் மூக்கைப் பார்த்துத் தூக்கு! புருவத்தைத் தூக்குற, பல்லைக் கடிக்கிற, விரலை மட்டும் தூக்க மாட்டேங்குற!

— தூக்கிட்டுத்தான்டி இருக்கேன், வசீலா. சேதி கீழே போய்ச் சேரலை.

— காலையில எட்டு மணிக்கு இடுப்பு மூட்டை மாத்தினாங்க. இப்ப மணி நாலு. முதுகுல போட்ட ஊசி எப்பவோ இறங்கியிருக்கணும். வலது கால் மதியமே என்னை எட்டி உதைச்சுதே!

— அது ஊசி இறங்கினதால இல்லை. எனக்கு வந்த சூப்பை நீ குடிச்சதால.

— சிரிக்காதக்கா, தையல் பிரியும்! இரு, இந்தச் சீப்பால உள்ளங்கால்ல கீறுறேன். கூசுதா?

— உன் மூஞ்சியைப் பார்த்தாத்தான் கூசுது.

— நரம்புக்கு என்னென்ன ஆபத்துன்னு டாக்டர் அன்னைக்கே விரல் விட்டு எண்ணினாரே! பொம்பளை, அது ஒண்ணு. பிறவியிலேயே மூட்டு நழுவினது, ரெண்டு. பதினோரு வயசுல ஒரு தரம் அறுத்த இடம், மூணு. இதுக்கும் மேல நாலாவதா, குட்டைக் காலை நாலு சென்டிமீட்டர் இழுக்கச் சொல்றியே மனூபிய்யா, எலும்பை உலோகம் வச்சு நீட்டிடலாம், நரம்பை எதை வச்சும்மா நீட்டுறதுன்னு கேட்டார். அது விறைச்சா பாதம் தொங்கிடும்னார். நீ என்ன சொன்னே?

— அஞ்சாவது விரல் ஏன் சும்மா இருக்குன்னு கேட்டேன்.

— அவர் சிரிச்சார். நான் அழுதேன்.

— ரெண்டு காலும் சமமானாத்தான் உங்க வீட்டு வாசப்படி ஏறுவேன்னு, கட்டிக்க வந்த அல்லாலாவை ஒன்பது வருஷமா நிறுத்தி வச்சிருக்கேன்டி! ஆகஸ்ட்ல கல்யாணம். நம்ம ஊர் வழக்கப்படி கல்யாணப் பொண்ணு முன்னால தட்டுல மீனை வச்சு, ஏழு தடவை தாண்டும்மாம்பாங்க. ஸ்ஃபாக்ஸ் ஊர்ல இருக்கிற அத்தனை அத்தைமாரும் மீனையா பார்ப்பாங்க?

— பாதம் தொங்கிச்சுன்னா?

— இந்த மோதிரத்தைக் கொண்டுபோய் அவர் கையில கொடுத்துடு. பாதத்தை இழுத்துக்கிட்டுப் போய் மீனைக் குழம்பாக்க நான் தயாரில்லை.

— வசீலா! தூக்கினாளா?

— அல்லாலா அத்தான், உள்ளே வராதீங்க! அக்கா இன்னும் தலை வாரலை. சீப்பு கால்ல இருக்கு!

— நான் கதவுக்கு வெளியதான் நிக்கிறேன். மனூபிய்யா, கேக்குதா? பெரிய கலவா மீனுக்குச் சொல்லி வச்சிருந்தேன்ல? இப்பத்தான் போன் போட்டு வேண்டாம்னேன்.

— ஏனாம்?

— மத்தி வச்சுக்கலாம். ஒரே ஒரு மத்தி. அதுவும் தலையைக் கிள்ளிட்டு. உனக்குச் சிரமமே இருக்காது.

— மத்தியா? என் கல்யாணத்துக்கு மத்தியா? மார்க்கெட்லயே பெரிய மீன் கடை வச்சிருக்கிற ஆளு, பெண்டாட்டிக்கு ஒரு விரல் நீளத்துல மீன் வைப்பாராம்! பூனை கூட வெக்கப்பட்டுக்கிட்டுப் போகும்யா!

— அக்கா...

— நீ சும்மா இரு! ஐம்பத்திரண்டு வயசுல கல்யாணம் பண்றவ மத்தியைத் தாண்டினான்னு என் பேரன் காலம் வரைக்கும் பேசுவாங்க!

— உனக்குப் பேரனே கிடையாதுக்கா...

— கலவாதான் வேணும்! என் கை நீளத்துக்கு! வாலோட!

— அக்கா, போர்வை! போர்வை எழும்புது!

— என்னடி உளர்ற?

— கட்டை விரல்! இதோ! இன்னொரு தடவை திட்டு! நல்லாத் திட்டு! ஆ, பாதமே மேலே வருது! அத்தான், தூக்கிட்டா! தூக்கிட்டா!

— குலவை போடாதடி, இது ஆஸ்பத்திரி!

— நான் எங்கே போட்டேன்? அது பக்கத்து அறை!

— அவங்களுக்கு என்ன விசேஷமாம்?

— தெரியலை. நம்ம சத்தம் கேட்டு ஆரம்பிச்சுட்டாங்க. நானும் போடுறேன், விடு! லுலுலுலுலூ!

— மனூபிய்யா, கலவா! ரெண்டு கலவா! நானே போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்!

— படியில விழுந்துடாதீங்க அத்தான்! ஓடிட்டார்க்கா. போனைக் கையில வச்சுக்கிட்டே சொல்லப் போறார்!

— கதவைச் சாத்து. பக்கத்துல வா.

— ஏன்க்கா அழற? நாலு சென்டிமீட்டர் இழுத்தும் நரம்பு தாங்கிடுச்சு! ரெண்டு காலும் சமம்! அத்தைமாருக்கு இனி உன்கிட்ட பார்க்க என்ன இருக்கு?

— நாலு இல்லடி, ரெண்டுதான். ஆபரேஷன் மேஜை மேல முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். நரம்பு விறைக்குது, இன்னும் இழுக்கவா நிறுத்தவான்னு டாக்டர் கேட்டார்... நிறுத்துங்க, நான் நொண்டிக்கிட்டே போய் அவரைக் கட்டிக்கிறேன்னுட்டேன்.