மூடிமேல் நின்ற டயர் ஸ்டாண்டு

ஆடுகிற கிரைண்டருக்கு அகராதியை முட்டுக்கொடுத்தவன் நான். பிறரைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்கில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் முன்சீட்டில் ஒரு மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“டயர் கழட்டுற ஸ்டாண்ட ஷெட்டுத் தரையில போல்ட் போட்டு இறுக்கிட்டேன் மாமா. துளை போடறப்ப கீழ தண்ணி சத்தம் கேட்டுச்சு.”

“அங்கதான செப்டிக் டேங்க் மூடி இருக்கு?”

“அப்பிடித்தான் போலருக்கு. கம்பிய நெம்பறப்பல்லாம் தரையே தூக்குது.”

“நெம்பறப்ப டயர யாரு புடிச்சிக்கிறது?”

மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உங்க பொண்ணுதான்.”

பெரியவர் செல்போனை எடுத்தார். அவசரத்தில் முதல் அழைப்பு வேறு யாருக்கோ போனது. இரண்டாவதில் மகள் எடுத்தாள்.

“எங்கம்மா நிக்கிற? ஷெட்டுலயா? ஓடாத. மெதுவா வெளிய வா. வந்துட்டியா? இன்னும் தள்ளி வா.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“அந்த மனுஷன் போல்ட்டாவது போட்டாரு” என்றாள், கிரைண்டரைப் பார்த்து.