எண்ணுவதற்கு ஒரு பிடி நெல்

"நெல்லை வெச்சு மட்டும் கணக்கு சொல்லித் தராதீங்க, டீச்சர்."

தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த கண்ணாடி போட்ட ஆசிரியை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். புதுப் பாடத்திட்டத்துக்கான பயிற்சி முடிந்து இருவரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் டீச்சர்? ஊர்ல கிடைக்கிறதை வெச்சு எண்ணப் பழக்குங்கன்னுதானே சொன்னாங்க?"

"போன பயிற்சியிலயும் அதைத்தான் சொன்னாங்க. நானும் பிள்ளைங்களை ஆளுக்கொரு பிடி நெல்லு கொண்டாரச் சொன்னேன். அப்ப கூலிச் சண்டையில வேலை நின்னு கிடந்துச்சு, குடிசையில ஏது நெல்லு? ஒரு பொண்ணு பண்ணைக் களத்துல போய் அள்ளியிருக்கு. மிராசுதாரோட காரியக்காரர் பிடிச்சுட்டாரு."

"சின்னப் பிள்ளைதானே, விட்டிருக்கலாம்ல?"

"அப்பன் சங்கத்து ஆளு. அவன்தான் திருட அனுப்பினான்னு அவனைக் கட்டி வெச்சு அடிச்சாங்க. நான் ஓடிப் போய், நான்தாங்க கொண்டாரச் சொன்னேன்னு சொன்னேன். 'ஆட்சி மாறுனதும் டீச்சரம்மாவும் சங்கத்துல சேந்துட்டீங்களா?'ன்னு கேட்டாரு மிராசுதார்."

"அந்தப் பொண்ணு?"

"பள்ளிக்கூடம் வர்றதில்ல. என்னைப் பாத்தா வேற வரப்புல இறங்கிப் போயிடுது."

அறுத்துக் கிடந்த வயல்களைத் தாண்டி பஸ் போனது.

"அப்ப எதை வெச்சுத்தான் எண்ணச் சொல்றது? கூழாங்கல்லு?"

"நம்ம வண்டல் மண்ணுல கல்லு எங்க கிடைக்குது?"

"புளியங்கொட்டை?"

கண்ணாடி போட்டவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க ஊர்ல மரம் யாருது, டீச்சர்?"