முன்பக்கத்து ஈயம்

– முன்பக்கம் ஏன் மாமா இந்தக் கனம் கனக்குது? உள்ளே வெறும் தெர்மாக்கோல்தானே?

– தெர்மாக்கோல்னு சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். ஃபோம். அதுக்கு மேல கண்ணாடி இழைத் துணி, ரெசின் பசை... ஐயோ, முனையைப் பிடிக்காதே, நடுவுல பிடி. மேசையில வை.

– சரி, ஃபோம். கனம் எதுக்கு?

– ஈயம். நம்ம விமானத்து இறக்கை ஓரத்துல ஏறி இறங்கற பலகை இது. பின்பக்கம் கனம் கூடிட்டா வேகத்துல படபடன்னு அடிச்சுக்கும், இறக்கையையே பிச்சு எறிஞ்சிடும். அதான் முன்பக்கம் ஈயம் வெச்சு சரிக்கட்டறது.

– இதுல உட்கார்ந்துதான் என் பொண்ணு பறக்கப் போறாளாக்கும். தாத்தா செஞ்ச விமானம்னு கிளாஸ் பூரா சொல்லிட்டு வந்திருக்கா.

– சொல்லட்டுமே. இன்னைக்கு இதை மாட்டிட்டா... அந்தக் காசை எடு. துணி ஃபோமோட நல்லா ஒட்டியிருந்தா ‘டங்’குன்னு கேக்கும். ஒட்டலேன்னா ‘டொக்’கு. நீ தட்டு, நான் கேக்கறேன்.

– நீங்களே தட்டலாமே?

– தட்டினா கவனம் கை மேல போயிடுது. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாத்தான் சரி வரும். ம், தட்டு.

– ...இது?

– டங்.

– இது?

– அருமை.

– இந்த மூலை?

– அதுவும் நல்லாத்தான் இருக்கு. நான் ஒட்டினது, வேற எப்படி இருக்கும்?

– மாமா...

– ம். அடுத்தது.

– கண்ணைத் திறங்க. காசு என் கைக்குள்ள இருக்கு. கடைசி ரெண்டு இடத்தை நான் தட்டவே இல்ல.

– ஃபேன் சத்தத்துல...

– ஃபேன் ஓடல மாமா.

– ...பேச்சு கேக்குதும்மா, சத்தியமா. இந்தச் சின்னச் சத்தம்தான்... காசு, கொசு, உன் பொண்ணு காதோரமா வந்து ரகசியம் சொன்னா அது. உன் புருஷன்கிட்ட சொல்லிடாதே. பட்டறையைப் பூட்டிடுவான்.

– அவர் பூட்டறது இருக்கட்டும். காது டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இதுல நீங்களும் ஏறக் கூடாது, அவளும் ஏறக் கூடாது.

– அவ முகத்துல எப்படி முழிப்பேன்?

– அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

– ...சரி. நாளைக்கே கூட்டிட்டுப் போ. என் காது விஷயம் உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?

– இப்போதான்.

– உனக்குப் பொய் வராது, விடு.

– நான் என்ன பொய்...

– காதுதான் போச்சு, கண்ணு நல்லாத் தெரியுது. ரெண்டு இறக்கைப் பலகையிலயும் ஊசித் துளை, பொடிப்பொடியா. துணி ஒட்டாத இடத்துல சிரிஞ்சுல ரெசினை ஏத்தி உள்ளே விட்டிருக்கே. இந்த வீட்ல அவ்வளவு நேர்த்தியா ஊசி போட உன்னைத் தவிர எந்த நர்ஸு இருக்கா?

– ...நீங்க வெளியில போறப்போ தட்டிப் பார்த்தேன். அங்கங்கே டொக்கு டொக்குன்னுச்சு. சொன்னா மனசு விட்டுடுவீங்களோன்னு நானே... தெரிஞ்சும் நீங்க ஏன் மாமா ஒரு வார்த்தை கேக்கல?

– கேட்டா காது விஷயம் வெளியில வந்துடுமே. நீ ஊசி போடப் போட பின்பக்கம் கனம் ஏறிடுச்சு. நானும் வாயைத் திறக்காம முன்பக்கம் ஈயத்தைக் கூட்டிக்கிட்டே வந்தேன்... இனிமே என் எதிரிலேயே போடும்மா.